வேருக்குப் பின்னால்

"அந்தத் தொட்டியை எடுத்துட்டு ஒரு டிவி வச்சிடலாம்க்கா. வர்றவங்க எல்லாம் மீன் எங்கன்னு என்னையே கேக்கறாங்க."

பல் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். வரவேற்பு மேசையில் இருந்தவளுக்கு முகம் வாடிப்போனது. பத்து வருடமாக அந்தக் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துப் பெயர் கூப்பிடுகிறவள். தனக்கென்று எதையும் கேட்டதில்லை. காத்திருக்கும் அறையில் ஒரு மூலையை மட்டும் கேட்டு வாங்கி, இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்திருந்தாள்.

"மீன் ஒளிஞ்சுக்கறதுக்குன்னே காட்டை வளர்த்து வச்சிருக்கீங்க," என்று டாக்டர் சிரித்தார்.

சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காடு என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. தானாக முளைத்த காடா அது? மரவேரை மூன்று தடவை கொதிக்கவைத்துச் சாயம் இறக்கி, நடுவில் வைக்காமல் இடப்பக்கம் சாய்த்து வைத்திருந்தாள். டாக்டர் கழித்துப்போட்ட பழைய இடுக்கியால் குட்டைப் புல்லை நாலைந்து இழையாகப் பிரித்து மணலில் ஊன்றியிருந்தாள். பின்னால் சிவப்பு இலைச் செடி. உயரம் தப்பினால் அன்றைக்கே கத்தரி. வாரம் தவறாமல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவாள். கண்ணாடியில் பாசி படிந்தால் தேய்ப்பதற்கு பிரஷ். அதற்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை.

மத்தியானத்தில் இலைதோறும் முத்து முத்தாகக் காற்றுக் குமிழ் ஏறும். அதைப் பார்க்கும்போது இது என் கையால் ஆனது என்று நெஞ்சு நிமிரும். ஆனால் வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, மீன் எங்கே என்று கேட்டுவிட்டு, போனைத் தடவப் போய்விடுவார்கள்.

மறுநாள் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். ஆறடி உயரம், முறுக்கு மீசை, வீங்கிய கன்னம். ஏற்கெனவே இரண்டு தடவை டோக்கன் வாங்கிவிட்டு, பெயர் கூப்பிடுவதற்குள் நழுவிப்போனவர். அன்றும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் தொட்டிப் பக்கம் திரும்பியதும் எல்லாரும் கேட்பதையே அவரும் கேட்டார்.

"பொறுமையா பாருங்கண்ணே," என்றாள். "அவசரமா பார்த்தா அதுல ஒண்ணுமே தெரியாது."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்தார். புல்வெளியை ஒரு சுற்றுப் பார்த்தார். வேரின் பொந்துகளை ஒவ்வொன்றாகத் துழாவினார். பத்து நிமிடம் போனது. கன்னத்தைத் தாங்கியிருந்த கை எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியாது.

"அதோ, வேருக்குப் பின்னாடி," என்றார், சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்பதுபோல. "சிவப்பு வாலு."

பக்கத்தில் இருந்த டீச்சரம்மா எழுந்து வந்து, சிவப்பில்லை, நீலம் என்றார். இருவரும் அதற்கே வாதாடிக்கொண்டிருந்தபோது அவள் டிரைவர் பெயரைக் கூப்பிட்டாள். இதோ இரண்டே நிமிடம் என்றார் டிரைவர். பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வெளியே வந்தவர், வீட்டுக்குப் போகாமல் மறுபடியும் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

சங்கதி பரவியது. மறுநாளிலிருந்து ஆட்கள் அரைமணி முன்னதாகவே வந்தார்கள். அழுதுகொண்டே வந்த சிறுமி ஒருத்தி அழுகையை மறந்து தொட்டியோடு ஒட்டிக்கொண்டாள். மீனைத் தேடப் போனவர்கள் செடியைப் பார்த்தார்கள். இந்தக் குமிழ் எங்கிருந்து வருகிறது, புல் எப்படிப் பாய் விரித்தாற்போல் படர்ந்தது, வேரை ஏன் ஓரமாக வைத்தீர்கள் என்று கேட்டார்கள். அவளும் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் ஒரு மிடுக்கு ஏறிக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை மதியம், கடைசி ஆள் போன பிறகு, டாக்டரே வந்து தொட்டி முன் உட்கார்ந்தார். கால்மணி நேரம் அசையவில்லை.

"பார்த்துட்டேன்க்கா," என்றார், எழுந்தபோது. "குட்டியா, ஆரஞ்சு கலர். இந்த வாரம் ஊசி போடறப்ப ஒருத்தர்கூட என் கையைத் தட்டிவிடலை. டிவியெல்லாம் வேண்டாம். உங்க தொட்டி இங்கேயே இருக்கட்டும்."

டாக்டர் கிளம்பியதும் அவள் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு, தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உடனே வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே ஆறு வாரம் காத்திருந்தேன். இன்னைக்குத்தான் தண்ணி பக்குவமாயிருக்கு. இனிமே தொட்டியில முதல் மீனை விடலாம்தானே?"