ஞாயிற்றுக்கிழமை மறியல்

லாரியின் படியில் கால் வைத்து ஏறிய மரியஜான், டிரைவர் அனிஷ் வாயைத் திறப்பதற்குள் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, சாவியத் தாருங்க!"

"சனி, ஞாயிறு கனரக லாரி எல்லை தாண்டப்பிடாதுண்ணு உத்தரவு. உனக்குத் தெரியாதோ?"

உத்தரவு போட்டது அரசாங்கம். ஆனால் குழித்துறையில் அதற்குக் காவல் நிற்பது மறியல் குழுத் தலைவர் மரியஜான்தான். ஞாயிறு விடிந்தால் போதும், சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அனிஷுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இண்ணைக்கி எனக்க மவளுக்குப் புதுநன்மை, மொதல் நற்கருணை வாங்குகா. அவ பிடிக்க வேண்டிய மெழுகுவத்தி இந்தா வண்டியிலதான் இருக்கு. கல்லக் கேரளத்துல இறக்கிட்டு இரணியல் கோயிலுக்கு ஓடணும். லோடு போகல்லண்ணா நாளையிலேருந்து வேலைக்கி வராண்டாம்ணு முதலாளி சொல்லிட்டாரு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

டீக்கடை பேபியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "மத்த லாரிய ஓரங்கட்டத்தானே சொல்லுவிய? இவனுக்க சாவிய மட்டும் எதுக்குப் பிடுங்குனிய? மனசுல ஈரமே இல்லியா அண்ணே?"

"நீ உனக்க டீயப் பாரு பேபி. ஏலே, முதலாளிக்குப் போனப் போடு."

போட்டான். போனை வாங்கிய மரியஜான் ரோடே அதிரக் கத்தினார்.

"உம்ம லாரி சாவி எனக்க பையில இருக்கு. திங்கக்கெழமதான் கெடைக்கும்! டிரைவர் காலப் பிடிச்சுக் கெஞ்சுகான், நான் குடுக்கல்ல. ஏலுமானா வந்து வாங்கும்!"

மறுமுனையில் முதலாளி மரியஜானின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதார். பிறகு அலுத்துப்போய், "ஏலே அனிஷ், அந்தக் கிறுக்கன்கிட்ட மல்லுக்கு நிக்காத. நாளைக்கி எடுத்துக்கிடலாம்" என்று வைத்துவிட்டார்.

மெழுகுவர்த்திப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அனிஷ் சாலையோரம் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ், நினைத்த நேரத்துக்கு வந்த சரித்திரம் கிடையாது. கோயிலில் முதல் மணி அடித்திருக்கும். மகள் ஜெமி வெள்ளைக் கவுனோடு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். 'இந்த ஆளு நல்லாவே இருக்க மாட்டான்' என்று வயிறெரிந்து சபித்தான்.

கண்ணுக்கு முன்னால் ஒரு சாவி ஆடியது. லாரிச் சாவி இல்லை, பைக் சாவி.

"ஏறுன உடனே மெழுகுவத்தியப் பாத்துட்டேன் மக்கா" என்றார் மரியஜான். "உனக்க முதலாளிய எனக்குத் தெரியும். ஓரங்கட்டச் சொன்னா, அவரு உன்னைய வேலைய விட்டுத் தள்ளுவாரு. சாவியப் பிடுங்குனா என்னைய நாலு வசவு வைவாரு. வஞ்சிட்டுப் போவட்டும்."

அனிஷ் பெட்டியோடு எழுந்து, சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னலே முழிக்க? தடை லாரிக்குத்தான், அப்பனுக்கு இல்ல. எடு பைக்க!"