தொந்தரவு: ஒரு ஆள்

"ஜைனுதீன் நானா இந்த வருஷமும் வெடி போட்டா, நம்ம குளத்தைக் கணக்கெடுப்பில இருந்தே தூக்கிருவாங்க!"

ஷெனாலி டீச்சர் பொரிந்து தள்ளினாள். கூடவே பறவை எண்ண வரும் நிமலன் பலமாகத் தலையாட்டினான். ஆட்டாவிட்டால் அவனுக்கும் விழும்.

பல்லேபொல பக்கத்துக் குளம் அது. வருஷா வருஷம் தை மாதத்தில் ஒருநாள், விடியற்காலையிலேயே தொண்டர்கள் மாவட்டம் பூராவும் பறவைகளை எண்ணுவார்கள். கெஞ்சிக் கூத்தாடி இந்தக் குளத்தையும் பட்டியலில் சேர்த்தவள் ஷெனாலிதான்.

குளத்தைச் சுற்றி ஏழு பேருடைய வயல். போன வருஷம் எண்ணத் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, நெல் தின்ன வந்த கிளிகளை விரட்ட, ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஜைனுதீன் வெடி போட்டார். மற்ற வயல்களிலும் அடுத்தடுத்து வெடித்தது. பறவைகள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. தேறியது ஒன்பதே இனம். "இன்னொரு தடவை இப்பிடி வந்தா இந்தக் குளம் வேணாம்" என்று கணக்கெடுப்பை நடத்தும் மாத்தளைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதனால் இந்த வருஷம் எண்ணுவதற்கு முதல் நாளே ஜைனுதீன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நானா, ஒரே ஒரு காலை. ஒம்பது மணி வரைக்கும் வெடி போடாதீங்க."

"கதிர் பால் புடிக்கிற நேரம் டீச்சர். வெடி போடாம, கிளிகிட்ட கெஞ்சச் சொல்றீங்களா?"

"பறவையும் உயிர்தானே நானா?"

"எங்களுக்கு நெல்லுதான் உயிரு." கொஞ்சம் நின்று, "பாப்போம்" என்று முனகிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"பாப்போமாம்! கல்லுல நார் உரிக்கிறதும் ஒண்ணு, இவர்கிட்ட பேசுறதும் ஒண்ணு" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடிந்தது. ஒரு வெடிச்சத்தம்கூட இல்லை. கொக்கு, உள்ளான், மீன்கொத்தி என்று குளம் நிறைந்து கிடந்தது. கிளி மட்டும் இருநூற்றுப் பத்து. அத்தனையும் ஜைனுதீனின் வயலில்தான் இறங்கியிருந்தன. ஷெனாலி சந்தோஷமாக அடுத்த தாளைப் புரட்டி எழுதினாள்.

ஒரே ஒரு குறை. ஜைனுதீன் குளக்கட்டில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"பாத்தீங்களா நிமலன்? நேத்து நான் போட்ட போடுல வெடி நின்னுருச்சு. ஆனா மனுசன் வேணும்னே நடந்து திரியுறாரு!"

படிவத்தில் 'தொந்தரவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அழுத்தி எழுதினாள்: 'குளக்கட்டில் ஒரு ஆள். காலை முழுவதும் நடமாட்டம்.'

அறுப்பு முடிந்த வாரம் முடிவு வந்தது. அறுபத்தோரு இனம். மாவட்டத்திலேயே முதலிடம்! மாத்தளைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். எப்படிச் சாதித்தாய் என்று கேட்டவர்களிடம், "கொஞ்சம் கண்டிப்பாப் பேசினேன்" என்றாள்.

முடிவுத் தாளை ஜைனுதீனிடமும் காட்ட வேண்டுமே! அவர் மனைவி றமீஸா பால் விடாத பிளேன்ரீயும் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார்.

"கிளி இருநூத்திப் பத்து. சரியாத்தான் எண்ணியிருக்கீங்க." கடைசியில் இருந்த 'தொந்தரவு' வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டார். "இந்தத் தொந்தரவு நான்தானே?"

ஷெனாலி கடிக்கப்போன கருப்பட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

"சிரிக்கிறாரு பாருங்க!" என்றாள் றமீஸா. "அன்னைக்கு ஒரு காலையில எவ்வளவு நெல்லு கிளி வாயில போச்சு!"

"விடு றமீஸா, அதுகளுக்கும் அல்லாஹ் எழுதினதுதானே." தாளை மடித்து ஷெனாலியிடம் நீட்டினார். "அடுத்த வருஷமும் ஒரு ஆள்னே எழுதுங்க டீச்சர். அன்னைக்கு நான் குளக்கட்டு வழியா வயல் வயலா நடந்து கையப் புடிச்சுக் கெஞ்சலைன்னா, மத்த ஆறு பேரும் வெடியோட நின்னிருப்பாங்க. நீங்க ஏழு ஆள்னு எழுத வேண்டி வந்திருக்கும்!"