ஓடக் கூடாத மாடு

"வாயில்லா ஜீவனைப் பந்தயம்னு சொல்லி விரட்டுறதா? இன்னைக்கு இந்த அக்கிரமத்துக்கு ஒரு முடிவு கட்டுறேன் பாருங்க!"

மூங்கில் தெப்பத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி சூளுரைத்தார் ஞானவேல். கோடைக்கானல் ஜீவகாருண்ய சங்கத்தின் செயலாளர். அந்த நாற்காலி நாயுடுபுரத்திலிருந்து பூண்டி வரை ஜீப்பிலும், அங்கிருந்து ஏரிக்கரை வரை ஒரு கூலியாளின் தலையிலும் வந்திருந்தது.

எதிரே நடுத்திட்டு. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த குட்டித் தீவு. பூண்டு விளையும். வருஷம் ஒரு தடவை மாட்டுப் பந்தயம் நடக்கும். வேறு பெருமை கிடையாது.

"நீங்களும் பந்தயம் பாக்கத்தானா?" என்றார், கயிறும் கையுமாகப் பக்கத்தில் நின்றவரிடம்.

"இல்லீங்கய்யா, நம்ம சோலி வேற. திருமலைச்சாமின்னு பேரு, வத்தலக்குண்டுல மாட்டு யாவாரம். இருளாயின்னு ஒரு அம்மா. அதோட செவலைக் காளைய மகன்காரன் எனக்கு விலை பேசிட்டான். கெழட்டு மாடு, அடிமாட்டுக்குத்தான் ஆகும். பந்தயம் முடிஞ்சதும் பிடிச்சிட்டுப் போகணும்."

"அது வியாபாரம். அதிலெல்லாம் சங்கம் தலையிடாது" என்றார் ஞானவேல், பெருந்தன்மையோடு.

"அய்யா மனசு யாருக்கு வரும்! ஆனா பாருங்க, அதுக்குப் பின்னங்கால் நொண்டி. அதையும் இன்னைக்கு ஓட விடப்போறாக. பாவமா இருக்கு."

"என்னது, நொண்டி மாட்டையா?" ஞானவேல் நாற்காலியிலிருந்து எழுந்ததில் தெப்பம் ஒரு ஆட்டம் ஆடியது. துணைக்கு வந்த போலீஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

கரையில் ஊர்ப் பெரியவர் மணியன் மாலையோடு காத்திருந்தார். தெருவில் கட்டுக் கயிறு இல்லாமல் சில காளைகள் திரிந்தன. ஒன்றுக்கு ஒற்றைக் கண்.

"இது?"

"போன வருசம் ஜெயிச்சதுங்க."

"பல்லுப் போன அந்த மாடு?"

"அதுக்கு முந்தின வருசம் ஜெயிச்சதுங்க."

"இடுப்பு ஒடிஞ்ச மாதிரி நடக்குதே, அது?"

"அது ஜெயிச்சு நாளாச்சுங்க. கெட்டிக்கார மாடு."

"பாத்தீரா? ஓட்டி ஓட்டியே இந்தக் கதிக்கு ஆக்கியிருக்காங்க!" என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் ஞானவேல்.

அறுவடை முடிந்த பூண்டுக் காட்டில் காளைகள் வரிசையாகத் திமிறிக்கொண்டு நின்றன. கடைசியில் செவலை. கழுத்தில் சலங்கை, நெற்றியில் மஞ்சள், ஒரு கால் தரையில் ஊன்றவில்லை.

"ஏம்மா, நிக்கவே முடியாத மாடு ஓடணுமா?"

"ஓடும் சாமி" என்றாள் இருளாயி. "மெதுவா ஓடுனாலும் போதும்."

"மெதுவா ஓடி ஜெயிச்சிருமாக்கும்!" ஞானவேல் சிரித்தார். மற்ற மாட்டுக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

"இந்த மாடு ஓடக் கூடாது. டெல்லியில புதுச் சட்டம் வந்திருக்கு, தெரியுமில்ல? மத்த மாடெல்லாம் தாராளமா ஓடட்டும். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல."

இருளாயி அவர் காலில் விழுந்தாள். "இன்னைக்கு ஒரு நா மட்டும் விடுங்க சாமி. ஓடினாத்தான் அது பொழைக்கும்."

"பேச்சைப் பாருங்க! ஓடினா செத்துரும்மா!"

மணியன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் மாட்டு வியாபாரி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

போலீஸ்காரர் செவலையை ஓரங்கட்டினார்.

பந்தயம் என்று ஒன்று நடந்தது. ஒரு விசில் இல்லை, ஒரு கூச்சல் இல்லை. பொன்னுவேல் என்ற மாட்டுக்காரனின் கறுப்புக் காளை முதலில் வந்தது. ஞானவேல் கையாலேயே அதற்கு மாலை விழுந்தது. பொன்னுவேல் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"இதுக்கா இம்புட்டுப் பேரு? சப்புன்னு இருக்கே" என்றார் ஞானவேல்.

திரும்பும் தெப்பத்தில் நடுவே நாற்காலி, ஓரத்தில் செவலை. சலங்கையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் இருளாயி.

ஞானவேல் செவலையின் முதுகை ஆதரவாகத் தடவிக்கொடுத்தார். "பயப்படாதே. இனிமே உன்னை யாரும் ஓட விரட்ட மாட்டாங்க."

திருமலைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

"எல்லாம் அய்யா புண்ணியம். வருசா வருசம் இந்தத் தண்ணியத் தாண்டி வந்து வெறுங்கையோட திரும்புவேன்."

"ஏன்?"

"ஜெயிச்ச மாட்டை விக்கக் கூடாதுன்னு இந்த ஊர்ல ஒரு கட்டு இருக்குங்க. சாகுற வரைக்கும் ஊரே தீனி போடும். நான் எந்த மாட்டுக்கு விலை பேசினாலும், களவாணிப் பயலுக, மத்த மாட்டைப் பூராம் இழுத்துப் பிடிச்சிக்கிட்டு, அதையே முதல்ல வர வச்சிருவானுக!"

ஞானவேலின் கை செவலையின் முதுகிலேயே நின்றுவிட்டது.

"அடுத்த வருசமும் மறக்காம வந்துருங்கய்யா."