நிமிர்த்திய பானெட்

பழைய அம்பாசடர் ஒன்றைப் புதுசாக்கிப் பதிவுக்குக் கொண்டுவந்திருந்தார் டிங்கர் லாசர். பானெட் மட்டும் உக்கடத்துக் காயலான் கடையில் வாங்கியது.

"ஏற்கெனவே அடிபட்டு நிமிர்த்தினதுதான் மேடம். ஆனா எந்த இடம்னு தடவிக் கண்டுபிடிங்க பார்க்கலாம். தட்டினவன் கையே கை!"

வாகன ஆய்வாளர் தாமரைச்செல்வி தடவிப் பார்க்கவில்லை. வேறு வண்டியிலிருந்து கழற்றிய எந்தப் பாகமானாலும் கருவியை ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். தகரம் எப்போதெல்லாம் நெளிந்தது, சுத்தியல் எங்கெல்லாம் விழுந்தது என்று அந்தக் கருவி திரையில் அடுக்கடுக்காகக் காட்டிவிடும்.

முதலில் சுத்தியல் தடங்கள் திரையில் வந்தன. வலது ஓரத்தில் தொடங்கி, சுருள் சுருளாக, நெருக்கி நெருக்கி. லாசரின் சிரிப்பு நின்றுபோனது. அவர் இடது கைக்காரர். இப்படித் தட்டுகிற வேறு ஆளை அவர் பார்த்ததே இல்லை.

"இது யார் வேலைன்னும் மெஷின் சொல்லுமா?"

"பேரெல்லாம் வராது. தடம் மட்டும்தான்."

லாசருக்கு மூச்சு வந்தது. தாமரைச்செல்வி அடுத்த அடுக்கைத் திறந்தார். நிமிர்த்துவதற்கு முன்பிருந்த பள்ளம் தெரிந்தது. அதன் நடுவே, விரல் விரித்த இரண்டு உள்ளங்கைகளின் அச்சு.

சோதனை முடிந்ததென்று அவர் திரையை அணைக்கப் போனபோது லாசர் தடுத்தார்.

"இதைத் தட்டி நிமிர்த்தினது நான்தான், எழுதிக்குங்க. மாடு குறுக்கே வந்துடுச்சுன்னு வண்டியைக் கொண்டுவந்தவங்க சொன்னாங்க மேடம். மாடு மோதினா பள்ளம் இப்படி விழாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."