எந்தக் கை

பதினெட்டுப் பெயர்களில் பன்னிரண்டு தேறிவிட்டன. இன்னும் இரண்டு இடம்தான் பாக்கி.

அடுத்து ஆறாவதாக இறங்குகிறவனின் இடம். அது இவனுடையது. இவனை எதிரே உட்காரவைத்துக்கொண்டே பேசினார்கள்.

பம்பு கம்பெனி கேன்டீனின் மாடி அறை. மே மாதம். கிரிக்கெட் லீக் முடிந்துவிட்டது. வரும் சீசனுக்குப் பதினாலு பேர் போதும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். கேப்டன் ஜெகதீசனும் வெல்ஃபேர் ஆபீசர் நாச்சிமுத்துவும் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால் யார் நிற்பது? வேகப்பந்து வீச நாலு பேர் எதற்கு, மூன்று போதாதா?

மூத்த ஆட்டக்காரன் என்று இவனையும் கூப்பிட்டிருந்தார்கள். மரியாதை என்று நினைத்துச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். மடையன்.

ஆறாவது இடம் ஒன்று. ஆள் இரண்டு.

எதிரணியில் இடக்கைச் சுழற்பந்து வீசுகிறவன் இருந்தால் இடக்கை ஆட்டக்காரனான இவன். இல்லாவிட்டால் வலக்கை குப்புராஜ். ஏழு வருடமாக இதுதான் ஏற்பாடு.

டாஸ் போடும்போது எதிரணிப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஜெகதீசன் மைதானத்தின் நடுவிலிருந்து ஒரு கையைத் தூக்குவான். இடது கை என்றால் இவன் பேடு கட்டுவான். வலது கை என்றால் குப்புராஜ். மற்றவன் தண்ணீர் டிரம்மை நிரப்பப் போவான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஹெல்மெட். அரை ஆளுக்கு முழு ஹெல்மெட் எதற்கு?

பேச்சு குப்புராஜ் பக்கமே சாய்ந்தது. பதினைந்து ஆட்டத்தில் பத்து ஆட்டம் அவன்தானே ஆடுகிறான் என்றான் ஜெகதீசன். நம்மாளு ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைதானே என்று நாச்சிமுத்து இவனைக் காட்டிச் சிரித்தார். இவனும் கூடச் சிரித்துவைத்தான்.



மற்ற பந்துவீச்சை இவன் ஆடமாட்டான் என்று எவன் கண்டான்? ஏழு வருடத்தில் ஒரு தடவையாவது இறக்கிப் பார்த்தார்களா?

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் இவனுக்கு டெஸ்பாட்ச் பிரிவு. காலை எட்டிலிருந்து மாலை வரை பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். தினமும் மதியம் ஒரு மணிக்குப் பிராக்டிஸுக்குக் கிளம்பிவிடுகிறவன் என்று அங்கே இவனுக்கு நாற்காலிகூடப் போட்டதில்லை. ஆனால் வேலை நிரந்தரம். யாரும் பிடுங்க முடியாது.

குப்புராஜ் காண்டிராக்ட். அணியில் இல்லையென்றால் ஜூன் முதல் தேதி வேலை போய்விடும்.

இது இவனுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துதான் வாயைத் திறந்தான்.

"குப்புராஜுக்கு வலது தோளு போயிருச்சுங்க சார். மூணு மாசமா அவனால பந்தெறிய முடியறதில்லீங்க."

இரண்டு பேரும் இவனையே பார்த்தார்கள்.

சொன்னது பொய்யா? இல்லையே. இவனுக்குத் தெரியாதா? மூன்று மாதமாக ஸ்டோர் ரூமில் வைத்து அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டவன் இவன்தான். ஸ்லிப்பில் நின்றுகொள், தூரத்திலிருந்து எறிய வேண்டியிருக்காது என்று யோசனை சொன்னவனும் இவன்தான்.

வெளியே சொல்லிவிடாதே என்று குப்புராஜ் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

ஜெகதீசன் பேனாவை எடுத்தான். குப்புராஜின் பெயர்மேல் கோடு விழுந்தது.

இவன் உள்ளங்கை வேர்வையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். பிழைத்தோம்.

பேனா ஒரு வரி கீழே இறங்கியது. இவன் பெயர்மேலும் கோடு விழுந்தது.

இவன் எழுந்தே விட்டான். ஜெகதீசனுக்குக் கோபமெல்லாம் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னான்.

"மத்த பத்து ஆட்டத்துக்கு அவன் இருக்கறான்னுதான் உன்னைய வெச்சிருந்தோம். அவனில்லாம உன்னைய மட்டும் வெச்சுட்டு நான் என்ன பண்றது?"

இரண்டு பேருக்கும் பதிலாக, எல்லாப் பந்தையும் ஆடுகிற ஒருத்தனை எடுத்துக்கொள்ளலாம் என்றார் நாச்சிமுத்து. ஒரு மல்லுக்கட்டு தீர்ந்தது என்று அவருக்குச் சந்தோஷம்.

தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளை கூட இருந்ததையும் சேர்த்துக் கெடுத்துவிட்டு வந்தது.

படிக்கட்டுக்கு வந்தான்.

கீழே வண்டி ஸ்டாண்டில் குப்புராஜ் நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்தே அங்கேதான் நிற்கிறான் போலிருக்கிறது. இவனைப் பார்த்ததும், எந்தக் கை என்று ஜாடையில் கேட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

இவன் எந்தக் கையையும் தூக்கவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

குப்புராஜின் சிரிப்பு நின்றது. இவன் முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். பக்கத்தில் வந்தான்.

"விடு மாப்ள. நான் உள்ள இருக்கேன்ல. அடுத்த வருசம் உனக்காக நான் பேசறேன்."

இவனுடைய தோளில் போடுவதற்காக வலது கையைத் தூக்கினான்.

அது பாதியிலேயே நின்றது.

யாராவது பார்க்கிறார்களா என்று மாடியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குப்புராஜ் இடது கையை மாற்றிப் போட்டான்.