ஏரிக்கரை மேட்டில் கரி பஸ்

சித்திரை வெயிலில் நெசவுக்காரர்களும் கூலிக்காரர்களும் ஏரிக்கரை மேட்டை மறித்து நிற்கிறார்கள். மலையடிவாரத்தில் சத்திரம் கட்டுவதற்காக இவர்களுடைய குடிசைகளைப் பிரித்து இங்கே விரட்டியவர்தான் பஸ்ஸுக்கும் முதலாளி. இங்கே ஆளேற்ற பஸ்ஸும் நிற்பதில்லை, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை. "ரெண்டுக்கும் பதில் சொல்லாம வண்டி நகரக்கூடாது" என்று லாடம் அடிக்கும் நசருல்லா சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்கு முன்னால் நிற்கும் கெங்கம்மாள் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொள்கிறாள். யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓடும் கரி பஸ் புகை கக்கிக்கொண்டு வருகிறது. வழக்கம்போல மேடேற மாட்டாமல், அவள் எதிரிலேயே மூச்சடங்கி நின்றுவிடுகிறது. முன்சீட்டில் முதலாளியின் விபூதி நெற்றி வெள்ளையாகத் தெரிகிறது. "கேளு பாய்" என்கிறாள். நசருல்லா தொண்டையைச் செருமுகிறார். அதற்குள் கண்டக்டர் எட்டிப்பார்த்து, "இன்னா வேடிக்கை பாத்துகினு நிக்கிறீங்க? தள்ளுங்க!" என்று அதட்டுகிறான். யார் முதலில் நகர்ந்தார்களோ, பழக்க தோஷத்தில் கூட்டமே வண்டிக்குப் பின்னால் போய்விடுகிறது. கெங்கம்மாளின் உள்ளங்கையும் சுடுகிற தகரத்தில் பதிந்திருக்கிறது. பஸ் உறுமுகிறது, குலுங்குகிறது, மேடேறி மலைப்பக்கம் போயே போய்விடுகிறது. புழுதி மெல்ல அடங்குகிறது. நசருல்லா இன்னும் செருமிக்கொண்டிருக்கிறார். கெங்கம்மாள் கரி அப்பிய கையைப் புடவையில் துடைக்கிறாள். பக்கத்தில் நின்று தள்ளிய துளசிங்கம் மூச்சுவாங்கச் சிரிக்கிறான்: "ஒரே தள்ளுல கெளம்பிடுச்சு பாத்தியாக்கா!"