பதின்மூன்றும் பன்னிரண்டும்

ஈரச் சாக்கை இழுத்து ஐந்தாவது காரின் பானெட்டில் போட்டான். போட்ட கையோடு சாக்கு வெதுவெதுப்பானது.

இன்னும் சூடு.

இன்னும் ஏழு கார் இருக்கிறதே, ஐயோ.

விஷயம் இதுதான். ஜூன் மாதப் பந்தயத்தில் ஓட வேண்டுமென்றால், ஒரே அச்சில் இருபத்தைந்து கார் செய்து காட்ட வேண்டும். முதலாளி முசியே பெர்த்தலோவின் கம்பெனி செய்தது பதின்மூன்று. அதற்கே மூன்று வருஷம் முழி பிதுங்கிவிட்டது.

பந்தயத்தில் ஓடினால் கம்பெனி இருக்கும். ஓடாவிட்டால் கோடையோடு இழுத்து மூட வேண்டியதுதான்.

காலையில் வந்த பந்தய அதிகாரி பட்டறையில் பதின்மூன்றையும் எண்ணினார். மீதிப் பன்னிரண்டும் ஊருக்கு வெளியே பழைய மாவுமில்லில் நிற்பதாக முதலாளி கண் இமைக்காமல் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டும் போய்விட்டார்.

பிரெஞ்சுக்காரன் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டான். சூப்பு, கறி, சீஸ், காப்பி. இரண்டு மணி நேரம் நிச்சயம். அதற்குள் எண்ணிய கார்களில் பன்னிரண்டைப் பின்பாதை வழியாக மில்லுக்கு ஓட்டிவந்து, எண் தகட்டைக் கழற்றி, வேறு தகடு மாட்ட வேண்டும்.

மாட்டியாகிவிட்டது. சேற்றைத் துடைத்தாகிவிட்டது. இந்தச் சூடுதான் ஆறித் தொலைய மாட்டேன் என்கிறது.

காரைக்காலில் மனைவி செங்கமலம் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மகளுக்கு நாலு வயது. அப்பாவைப் போட்டோவில்தான் தெரியும்.

கம்பெனி இருந்தால் வேலைக் கடிதம். கடிதம் இருந்தால் விசா.

கம்பெனி இல்லாவிட்டால் என்பதை அவன் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆறாவது. ஏழாவது.

வாசலில் ஹாரன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதிகாரிக்கு வயிற்றுப் புண்ணாம். சூப்போடு எழுந்துவிட்டாராம். முதலாளி கழுத்தில் செருகிய துணியைக்கூட எடுக்காமல் பின்னாலேயே ஓடிவந்தார்.

சாக்குகளைச் சுருட்டி மூலையில் எறிந்தான். ஓட்டிவந்த ஆட்கள் பின்வாசலில் மறைந்தார்கள்.

அதிகாரி நடந்தார். பதினான்கு. பதினைந்து. தகட்டைப் படித்தார், குறித்துக்கொண்டார். பானெட்டில் கை வைக்கவில்லை. முதலாளி பிரேக்கைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே வந்தார்.

பதினாறு. பதினேழு.

பதினெட்டில் நின்றார்.

தரையைப் பார்த்தார். தரையில் ஒன்றும் இல்லை. பிறகு குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்.

அவனும் குனிந்து பார்த்தான்.

எலுமிச்சம்பழம்.

காலையில் பட்டறைத் தரையில் நசுங்கிக் கிடந்த பழங்களைப் பார்த்து அதிகாரி கேட்டிருந்தார். எங்கள் ஊர் வழக்கம் என்று இவன்தான் பெருமையாக விளக்கினான். புது வண்டி முதன்முதலாக உருளும்போது சக்கரத்தடியில் ஒரு பழம். வண்டியின் ஆயுசுக்கு ஒரே தடவை. கண்ணேறு போய்விடும். அதிகாரி சிரித்தார். பதின்மூன்று காருக்குப் பதின்மூன்று பழம், சந்தையில் தானே பொறுக்கி எடுத்தது என்று அதையும் சொல்லியிருந்தான்.

இங்கே தரையில் ஒரு பழமும் இல்லை. டயரின் பள்ளத்தில் மஞ்சளாகத் தோல் ஒட்டியிருந்தது.

சூட்டை யோசித்தான். சேற்றை யோசித்தான். நல்லதுக்கென்று வைத்ததை யோசிக்கவில்லையே, பாவி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

அதிகாரி விரல் நகத்தால் பள்ளத்தில் எதையோ நெம்பி எடுத்தார். ஒரு விதை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதலாளியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

அவன் தலை குனிந்துகொண்டான். கைகள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. நகத்தடியில் சாக்கு நார்.

அதிகாரி அந்தக் கையை இழுத்து, உள்ளங்கையில் விதையை வைத்து, விரல்களை மூடினார்.

பத்தொன்பது. இருபது. அதற்கப்புறம் அவர் குனியவில்லை.

கடைசிக் காரருகே நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அவனுக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, முதலாளியோடு கை குலுக்கிவிட்டு வெளியே போனார்.

அவன் வாசல்வரை போனான். போகாமல் இருக்க முடியவில்லை.

அதிகாரி தன் பழைய காரில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஓடியது. வண்டி கிளம்பவில்லை.

கண்ணாடியை இறக்கினார். தலையை நீட்டித் தன் முன்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“எனக்குக் கிடையாதா?”

அவன் பையைத் தடவினான். பதின்மூன்று பழமும் தீர்ந்துபோயிருந்தது.

மூடிய கையைத் திறந்தான்.

குனிந்து, அந்த விதையை டயருக்கு முன்னால் வைத்தான்.

கார் அதன் மேல் ஏறியது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடியும் ஏறி, அப்புறம்தான் போனது.